பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

நான் பெயர் சொல்லவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான்.

நானும் என் தங்கையும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைப்பதும் உலர்த்துவதும் இயந்திரத்தின் பாடு, மடிப்பது எங்கள் பாடு. பெரிய விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து, என் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போவேன். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது முகத்துக்கு முகம் பார்ப்போம். வீட்டுக் கதையெல்லாம் அந்த நடையிலேயே பேசித் தீர்த்துவிடுவோம்.

அப்படி ஒரு மடிப்பில்தான் அவள் சொன்னாள்.

"அக்கா, அவருக்கு வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு. என்கிட்ட சொல்லல. தெனம் காலையில சாப்பாட்டுப் பையோட கெளம்பி, பூங்காவுல உக்காந்துட்டு சாயங்காலம் வர்றாரு."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"ஒருநாள் பாத்துட்டேன். நான் பாத்தது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. யார்கிட்டயும் வாயத் தெறந்துடாதக்கா."

"நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்? கர்த்தர்கிட்ட மட்டும்தான்."

புதன்கிழமைதோறும் என் வீட்டில் பெண்கள் ஜெபக் கூட்டம். நடத்துவது நான். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், இயேசுவின் சீஷர்களின் எண்ணிக்கை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பன்னிரண்டில் காட்டிக்கொடுத்தவன் ஒருவன் இருந்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அதிகாலை ஜெபம், மாதம் ஒரு உபவாசம், வருடத்துக்கு ஒருமுறை வேதம் முழுவதும், எதிலும் நான் குறை வைத்ததில்லை. என் நாக்கைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த வாரம் ஜெபக் குறிப்புகள் சொல்லும் நேரம். ஒருத்திக்கு மூட்டு வலி, ஒருத்திக்கு மகனின் பரீட்சை. என் முறை வந்தது. "எனக்கு ரொம்ப நெருக்கமான ஒரு குடும்பம், பேர் வேண்டாம்" என்று ஆரம்பித்தேன். வேலை போனது, பூங்கா, சாப்பாட்டுப் பை, ஒன்றையும் விடவில்லை. பாரத்தோடு ஜெபிக்க விவரம் வேண்டாமா? அழவும் செய்தேன். அது பொய் அழுகை இல்லை. ஆனால் பதினொரு பேரும் மூச்சு விடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கக்கேடுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த உலகத்தில் எனக்கு நெருக்கமான குடும்பம் ஒன்றே ஒன்றுதான் என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தில் மிட்டாய் டீச்சர் என்று ஒருவர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தே வசனம் ஒப்பிக்க வைப்பவர், தங்கமான மனுஷி. மறுநாளே பூங்காவுக்குப் போய், என் தங்கையின் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, கவலையே படாதீங்க. உங்களுக்காக நாங்க பன்னெண்டு பேர் உபவாசம் இருக்கோம்" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு தங்கையின் கணவர் பூங்காவுக்கும் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வேலைக்கு வந்தாள். விரிப்பின் முனைகளைப் பிடித்தபடி பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"சட்டைக்கு இஸ்திரி போட்டு, சாப்பாடு கட்டி, 'பாத்துப் போய்ட்டு வாங்க'ன்னு வாசல் வரைக்கும் வந்து அனுப்பித்தான் அவர நிமித்தி வெச்சிருந்தேன். அவரா வாயத் தெறந்து சொல்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்னு இருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டியேக்கா."

"நான் பேர் சொல்லலடி. ஜெபத்துக்காகத்தான்..."

"கதவ மூடிட்டுத்தான் ஜெபம் பண்ணணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானே?"

என் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, மடிப்பை எடுக்கக் குனிந்துகொண்டேன்.

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். மூன்று முறையும் தயங்காமல், "மன்னிச்சுட்டேன்க்கா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள், அவள் சுபாவம் எனக்குத் தெரியும். ஆனால் அதோடு சரி. வீட்டில் எப்படி என்று கேட்டால், போதகரிடம் சொல்வதைப் போல, "நல்லா இருக்கோம்க்கா, கர்த்தருடைய கிருபை" என்பாள். அடுத்த விரிப்பை எடுப்பாள். இருநூறு தடவை முகத்துக்கு முகம் பார்க்கிறோம், இருநூறு தடவையும் கிருபைதான்.

இந்தப் புதன்கிழமை அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"என்னடி ஆச்சு?"

"சோப்புத் தூள் பட்டுருச்சுக்கா."

மதியம் அவளைத் தேடிக்கொண்டு போனேன். துணி வண்டிகளுக்குப் பின்னால், தரை துடைக்கும் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சபை, ஜெபம் என்று எதுவும் கிடையாது. அவளை எப்படி இரட்சிப்புக்குள் நடத்தலாம் என்று நான்கூட யோசித்து வைத்திருந்தேன். என் தங்கை தேம்பித் தேம்பி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தன் சாப்பாட்டைத் திறக்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்ன சொன்னா? அவரு எப்படி இருக்காராம்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் துடைக்கும் கட்டையை எடுத்துக்கொண்டாள். "என்கிட்ட சொன்னது என்கிட்டயே இருக்கட்டும்க்கா."

துடுக்காகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். வேதத்தை ஒன்பது முறை முழுதாக வாசித்த எனக்கு வராத வார்த்தை அது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இந்த முறை பார்ப்பதற்கு யாரும் இல்லை.

சாயங்காலம் வழக்கம்போல எல்லாரும் என் வீட்டுக்கு வந்தார்கள். குறிப்புகள் கேட்கும் நேரம் வந்ததும் மிட்டாய் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி வீட்டுக்காக ஏதாவது குறிப்பு இருக்காம்மா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்றேன்.

மறைப்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்கு ஒன்றும் தெரியாது.