அட்வான்ஸ் மாட்டிக்கொண்ட வீடு

பிஷ்கெக் நகரத்தில் அந்த வீட்டுக்குக் குடிவரும்போது பெர்மெத்தும் அவள் கணவன் தலாந்தும் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தார்கள். முதல் மழைக்கே படுக்கையறைச் சுவர் ஊறிக் கறுத்தது. மகள் மீரிமுக்கு இருமல் நிற்கவே இல்லை. வீட்டை மாற்றிவிடுங்கள் என்றார் டாக்டர்.

பெர்மெத் வீட்டுக்காரி சாய்ராகுலிடம் போனாள்.

"அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்கக்கா. உடனே காலி பண்ணிடறோம்."

"அது எங்கடி இருக்கு? பையன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனானே, அதுலயே கரைஞ்சு போச்சு."

"அப்போ வாடகையில கழிச்சுக்கிறோம்."

"கழிச்சுட்டா நான் என்னத்தத் திங்கறது? என் அடுப்பு எரியறதே உங்க வாடகையில. வேற ஆளைக் கூட்டிட்டு வா. அவங்க அட்வான்ஸை அப்படியே உன் கையில குடுத்துடறேன்."

அந்தப் பணமில்லாமல் வேறு எந்த வீட்டுக் கதவும் திறக்காது. பெர்மெத் தன்னோடு தையல்கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிவைத்தாள். ஒருத்தியின் நாத்தனார் குல்சினா பார்க்க வந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. அவள் வருவதற்குள் சாய்ராகுல் தன் வீட்டுக் கம்பளத்தைக் கொண்டுவந்து கறுத்த சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

டீ குடித்தபடியே குல்சினா கைப்பையைத் திறந்தாள். வீடு பிடித்துவிட்டது.

"சுவத்துல ஈரம் கீரம் இல்லையே?"

"சுட்ட ரொட்டி மாதிரி காஞ்சு கெடக்கும்மா," என்றாள் சாய்ராகுல்.

குல்சினா பெர்மெத்தைப் பார்த்தாள். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். பெர்மெத் எழுந்துபோய்க் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

குல்சினா படியிறங்கியதும் சாய்ராகுல் கத்தினாள்: "பைத்தியமாடி உனக்கு? உன் பணத்தை நீயே தொரத்தி விட்டியே!"

விஷயம் தெரிந்து தலாந்த் கத்தவில்லை. "அவளுக்கு நல்லது பண்ணிட்டே. நம்ம புள்ளைக்கு?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் மீரிமைக் கூட்டிக்கொண்டு தோக்மோக்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனான். பெர்மெத் போகவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டால் அட்வான்ஸ் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும்.

பனி விழத் தொடங்கியபின் இன்னும் இரண்டு பேர் வீடு பார்க்க வந்தார்கள். டீ ஊற்றுவதற்கு முன்பே அவர்களைச் சுவரெதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். அவர்களும் படியிறங்கிப் போனார்கள்.

"எப்பம்மா வருவே?" என்று மீரிம் ஃபோனில் கேட்டாள்.

"யாராவது குடிவரட்டும்டா செல்லம்," என்றாள் பெர்மெத்.