முதலில் வந்த பக்கம்

அப்பா காணாமல் போனதற்குக் கேட்டைத் திறந்து போட்டவர்தான் காரணம் என்று தம்பி ஒருவரைச் சொன்னான், சித்தி வேறொருவரைச் சொன்னாள். யாரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மறதி நோய் வந்த மனிதர், வேலைக்குப் போகிறேன் என்று தினமும் செருப்பைத் தேடுகிறவர். அன்றைக்குச் செருப்பு கிடைத்துவிட்டது, போய்விட்டார்.

மூத்தவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கையோடு இணையத்தில் அப்பாவுக்கென்று ஒரு பக்கம் போட்டாள். படம், உயரம், போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் எழுதினாள். முக்கியமாக, இடது கையில் சுண்டுவிரல் இல்லை என்பதை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். விரல் லிஃப்ட் கம்பியில் மாட்டிப் போனது. தன் பேரையே மறந்துவிட்ட மனிதர் அந்த விரல் கதையை மட்டும் மறக்கவில்லை. யார் கேட்டாலும் ஒன்று விடாமல் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அவளுடைய நம்பிக்கை முழுக்க அதில்தான் இருந்தது. எங்கேயோ யாரோ அவரைப் பார்ப்பார்கள், கதையைக் கேட்பார்கள், ‘சுண்டுவிரல் இல்லாத லிஃப்ட் மெக்கானிக்’ என்று போனில் தேடுவார்கள். அவள் பக்கம் வரும். அதில் அவள் நம்பர் இருக்கிறது. அவளே அப்படித் தேடிப் பார்த்தாள். முதலில் அவள் பக்கம்தான் வந்தது. அன்றைக்குத்தான் அவள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

சில நாள் கழித்து மறுபடி தேடியபோது கீழே புதிதாக ஒரு செய்தி கிடந்தது. ‘சுண்டுவிரல் இல்லாத லிஃப்ட் மெக்கானிக் வீடு திரும்பினார்! கண்ணீர் விட்ட குடும்பம்!’ திறந்து பார்த்தால் பத்திக்குப் பத்தி விளம்பரம், நடுவில் யாரோ ஒரு பெரியவரின் படம். அவள் எழுதியதையே அள்ளி எடுத்து, முடிவை மட்டும் எவனோ தானாக ஜோடித்திருந்தான். நாலு பேர் திறந்து பார்த்தால் நாலு காசு வருமாம். அதற்காக அப்பாவைத் தேடுகிற மகளிடம் இப்படியா விளையாடுவது? அடப்பாவி!

அந்தத் தளத்துக்கு எழுதலாம் என்றால் முகவரியே இல்லை. தேடுபொறிக்காரர்களுக்கு எழுதினாள். எழுதிய நொடியே ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

தன் பக்கத்தின் தலைமாட்டில் கொட்டை எழுத்தில், ‘அப்பா இன்னும் கிடைக்கவில்லை. இந்தச் செய்தி பச்சைப் பொய், யாரும் நம்பாதீர்கள்’ என்று எழுதி, எந்தச் செய்தி என்று எல்லாருக்கும் தெரிய வேண்டுமே என்று அதன் இணைப்பையும் கீழேயே போட்டாள். அதோடு விட்டாளா? தெரிந்தவர்களை எல்லாம் விரட்டி விரட்டிப் போட வைத்தாள். தம்பியின் ஆபீஸ் தளத்தில் வந்தது. லிஃப்ட் தொழிலாளர் சங்கத்தின் தளத்தில் வந்தது. சித்தி துணி தைக்கும் வீடியோ போடுகிற தளத்தில்கூட, ரவிக்கை அளவெடுக்கும் பாடத்துக்கு மேலே, ‘இது பொய்’ என்ற எச்சரிக்கையும் இணைப்பும் வந்தன. ஊரே சேர்ந்து நல்லது செய்தது.

பொய்ச் செய்தி மேலே ஏறியது. அடியில் கிடந்தது நடுவுக்கு வந்தது, ஒரு நாள் காலையில் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்துக் காப்பியடித்த செய்திகள் வேறு பின்னாலேயே வந்தன. அவள் பக்கம் அடுத்த திரைக்கே தள்ளப்பட்டுவிட்டது.

அச்சகத்துக்கு எதிர் மாடியில் ஒருவர் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பார். எல்லாரும் கம்ப்யூட்டர்காரர் என்பார்கள். அவரிடம் போய் நின்றாள். அவர் அவள் பக்கத்தைத் திறந்தார், பொய்ச் செய்தியைத் திறந்தார், எதையோ தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு உச்சுக்கொட்டினார்.

“இந்த லிங்க்கை யாரும்மா போட்டது?”

“நான்தான். எல்லாரையும் போடச் சொன்னதும் நான்தான். ஏன்?”

“அதாம்மா வினையே. ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தா, தேடுபொறி அதை சிபாரிசுன்னு எடுத்துக்கும். இத்தனை நல்ல தளங்க சேர்ந்து கை காட்டுதே, இது பெரிய விஷயம் போலன்னு மேல தூக்கி வச்சிடும்.”

“நான் சிபாரிசு பண்ணலையே சார். பொய்யின்னு திட்டித்தானே எழுதியிருக்கேன்?”

“திட்டினீங்க, சரி. ஆனா வழியும் நீங்கதானே காட்டியிருக்கீங்க? இந்த லிங்க்கை எண்ணாதேன்னு சொல்றதுக்கு உள்ளே ஒரு குறிப்பு இருக்கு, அதைப் போட்டிருக்கணும். எங்க ஆளுங்கள்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. இது மட்டும்தான் காரணம்னும் சொல்ல மாட்டேன். அது இன்னும் என்னென்னவோ பார்க்கும், முழுசா வெளியில யாருக்கும் சொல்றதில்ல.”

“அப்ப எது நிஜம், எது பொய்னு பார்க்கவே பார்க்காதா?”

“உங்க அப்பா வீட்டுக்கு வந்தாரா இல்லையான்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?”

“இது என்ன சார் நியாயம்?”

கம்ப்யூட்டர்காரர் திறந்திருந்த பக்கங்களை மூடினார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. முதல்ல எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க, கீழே இறங்கக் கொஞ்ச நாள் ஆகும் என்று மட்டும் சொன்னார்.

படி இறங்குவதற்குள் தன் பக்கத்து இணைப்பைப் போனிலேயே எடுத்துவிட்டாள். மற்றவர்களுக்குப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விட்டது. “நல்லதுக்குத்தானேடி போட்டேன், அதை எதுக்கு எடுக்கச் சொல்றே?” என்று சித்தி கோபித்துக்கொண்டாள். சங்கத்தில், பாஸ்வேர்டு தெரிந்தவர் லீவில் போயிருக்கிறார், வந்ததும் எடுக்கிறோம் என்றார்கள். அவள் ராத்திரி பகல் பார்க்காமல் தேடித் தேடிப் பார்த்தாள். பொய் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இரண்டு மாதம் போன பிறகு போலீஸிலிருந்து போன் வந்தது. தூரத்து ஊர் ஒன்றில், அரசு ஆஸ்பத்திரியில், யாரும் கேட்டு வராத உடல் ஒன்று இருக்கிறதாம், இடது கையில் சுண்டுவிரல் இல்லையாம்.

அப்பாதான். தம்பி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டான். அவள் நின்று அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு வந்தாள். வார்டு நர்ஸ் அவளை பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“ஒரு மாசத்துக்கு மேல எங்ககிட்டதாம்மா இருந்தாரு. ஒரு தொந்தரவு கிடையாது. விரல் எப்படிப் போச்சுன்னு கேட்டா போதும், வார்டையே கூட்டி வச்சுக் கதை சொல்லுவாரு. கடைசியில நெஞ்சுச் சளிதான் தாங்கலை.”

அவள் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

“நீங்க யாரும் போன்ல தேடிப் பார்க்கலையா சிஸ்டர்?”

“தேடாம இருப்போமா? கதையைக் கேட்ட அன்னைக்கே நானே தேடினேன். முதல்ல வந்ததே அதே மாதிரி ஒரு மெக்கானிக்தான், அதே விரல்தான். ஆனா அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாருன்னு போட்டிருந்துச்சு. படமும் வேற ஆளா இருந்துச்சு. கீழ இருந்ததும் அதையேதான் சொல்லுச்சு. சரி, இவர் வேற யாரோ போலன்னு விட்டுட்டேன். என் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போவா, கூட்டிட்டுப் போவான்னு இவர் சொல்லிட்டே இருந்தாரு. நாங்கதான், பாவம், குடும்பமே இல்லை போல, சும்மா சொல்றாருன்னு நினைச்சுக்கிட்டோம்.”

அவள் முகத்தைப் பார்த்ததும் நர்ஸுக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப அது பொய்யா? ஐயோ! எந்தப் பாவிம்மா அதை எழுதினது? அவன் நல்லா இருப்பானா?”

“எழுதினவன் யாருன்னு தெரியாது சிஸ்டர்” என்றாள் மூத்தவள். “அதை முதல்ல வர வச்சது நான்தான்.”

“சே, அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா, துக்கத்துல வர்ற பேச்சு அது” என்று நர்ஸ் அவள் தோளை அணைத்துக்கொண்டார்.