தொடை மடிப்புக்குக் கீழே

தையல்காரியின் மகளுக்கு எட்டு மாதம். சிட்டு என்று கூப்பிடுவாள். புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வீடு திரும்ப இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

குழந்தை வீறிட்டு அழும்போதெல்லாம் வலது தொடை இடுக்கில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பும். அழுகை அடங்கினால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். நெறி கட்டியிருக்கிறது என்றார்கள் முதலில். பிறகு குடலிறக்கம் என்று அறுவை சிகிச்சையும் செய்தார்கள். தையல் ஆறி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீக்கம் மறுபடி தலைகாட்டியது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் கை வைத்ததும் குழந்தை சிரித்தது. வீக்கம் இல்லை. இரண்டு தடவை இப்படியே திரும்பி வந்தாள். தனியாக இருந்தால் மனசு எதையாவது நினைத்துக்கொள்ளும் என்று நர்ஸ் பக்குவமாகச் சொன்னாள். போனில் அக்காவும் அதையேதான் சொன்னாள், கொஞ்சம் சலிப்போடு. அதன்பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மிஷினை மிதித்தபடி தன் கண்ணையே சந்தேகப்பட்டாள்.

ஒரு நாள் காலையில் வீக்கம் எழும்பியதும், துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் அழியாமல் குழந்தையை ஏந்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரிய டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"நீங்க போட்டதா?"

"ஆமா மேடம். வீக்கம் இருந்தப்பவே போட்டேன்."

"குடலிறக்கம் சாதாரணமா தொடை மடிப்புக்கு மேலதான் வரும். இது கீழ, தொடைப் பக்கமா எறங்குது. குழந்தைங்களுக்கு ரொம்ப அபூர்வம். போன தடவை நாங்க மேல தெச்சுட்டோம், ஓட்டை கீழ இருக்கு. நீங்க சொன்னது சரிதாம்மா."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

ஸ்கேனும் அதையே சொன்னது. மறுபடி ஆபரேஷன் செய்ய, சம்மதப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் கேட்டார்கள். பக்கத்துக் கட்டில் குழந்தையின் அப்பா போட்டுக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆறாம் நாள் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் பலமுறை அடுக்கி வைத்திருந்தாள். காற்று இரைச்சலில் அவன் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"சிட்டு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. தூங்குறா."

"நீ?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவள் யோசிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.