தலை எந்தப் பக்கம்

ரெனாத்தோவை எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவனைப் பெற்ற தாய் என் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து, கோதுமை ரொட்டியில் பீன்ஸைச் சுருட்டிப் பாதியை எனக்கு நீட்டினார். நானும் வாங்கித் தின்றேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு இது போதும்.

காபோர்க்கா என்ற ஊரில் வேன் ஓட்டுகிறேன். ஸ்பெயின்காரர் காலத்தில் பாதிரியார்கள் இந்தப் பாலைவனத்தில் கட்டிவிட்டுப் போன தேவாலயங்களுக்கு ஆட்களைக் கூட்டிப் போவது என் பிழைப்பு. டூரிஸ்ட்டுகள் வருவார்கள். சுவரில் குண்டு துளைத்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, "அடடா" என்பார்கள். நேர்த்திக்கடன்காரர்கள் வருவார்கள், அழுவார்கள், திரும்பும்போது தூங்குவார்கள். ரெனாத்தோவின் அம்மா எல்விரா இரண்டிலும் சேர்த்தி இல்லை; பெரியவர் என்பதால் மரியாதையாக தோன்யா எல்விரா என்போம். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். மூன்று வருடமாக, மகனைத் தொலைத்த மற்ற அம்மாக்களோடு சேர்ந்து, சனிக்கிழமைதோறும் பாலைவனத்தில் இரும்புக் கம்பியைக் குத்திக் குத்திப் பார்க்கிறார். குத்தி, உருவி, நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். பிண வாடை வந்தால் தோண்டுவார்கள். அந்தக் கம்பியும் ஒரு மண்வெட்டியும் என் வேனின் பின்பக்கம் கிடந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் சத்தம் போட்டன.

மூன்று வருடத்துக்கு முன்பு, டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். துப்பாக்கியோடு நான்கு பேர் நிறுத்தினார்கள். கித்தானில் சுற்றிய ஒன்றை ஏற்றினார்கள். "உன் பொண்ணு முடி வெட்டுற கடை பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்லதான?" என்று ஒருவன் ரொம்ப அன்பாகக் கேட்டான். ஓட்டு என்றார்கள், ஓட்டினேன். பிடி என்றார்கள், பிடித்தேன். மறுவாரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ரெனாத்தோவின் படத்தை ஒட்டியிருந்தார்கள். கித்தான் விலகியபோது நான் பார்த்த முகம். அந்த நால்வரில் ஒருவன் இன்றும் பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தால் கையாட்டுகிறான். நானும் கையாட்டுகிறேன்.

தோன்யா எல்விராவுக்கு ஒரே நாளில் கோயில்களையெல்லாம் சுற்றி, கடைசியில் மக்தலேனாவில் படுத்திருக்கும் சவேரியாரைப் பார்க்க வேண்டுமாம். வாடகைக்குக் கேட்டபோது வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்திருக்கலாம். ஏனோ வாயில் வரவில்லை.

முதலில் பிட்டிகீட்டோ. அங்கே சுவரில் ஓர் எலும்புக்கூட்டை வரைந்து வைத்திருக்கிறார்கள், ஆள் உயரத்துக்கு மேல். அவர் அதன் முன்னால் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"இவனப் பாரு தம்பி. சொகுசா நெழல்ல நிக்கிறான். என் புள்ளதான் எந்த வெயில்ல கெடக்கானோ."

அடுத்தது ஒக்கித்தோவா. குன்றின் மேல் தேவாலயம், சுற்றிலும் கல்லறைகள். அவர் உள்ளே போகவே இல்லை. யார் யாருடைய சிலுவைகளையோ தொட்டுத் தொட்டு, "குடுத்து வச்சவங்க," என்றார். சிகரெட் பற்றவைத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அங்கிருந்து துபுதாமா போகும் வழியில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி ஒன்று ஓடாமல் நிற்கிறது. அதைத் தாண்டி வேலி, வேலிக்கு அப்பால் ஒற்றைச் சீமைக்கருவேலம். அந்த இடம் வந்தாலே என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடும்.

"ஏன் இந்தப் பறப்பு? சவேரியாரு எந்திரிச்சா ஓடிறப் போறாரு?"

"வெயிலு ஏறுது, தோன்யா."

"ஏறட்டும். எனக்கென்ன, மூணு வருசமா வெயில்லதான குடியிருக்கேன்." அவர் ஜன்னல் வழியாக அந்தக் கருவேலத்தையே பார்த்துக்கொண்டு போனார். "இனிமே கம்பியில வாடையும் வராது தம்பி. மூணு வருசத்துல எல்லாம் காஞ்சிருக்கும். யாராச்சும் வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு."

நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தேன்.

மக்தலேனாவில், சதுக்கத்தின் நடுவே, இந்தக் கோயில்களையெல்லாம் தொடங்கிவைத்த பாதிரியாரின் எலும்புகளைத் தரையில் கிடந்தபடியே கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தோன்யா எல்விரா கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்தார்.

"செத்து இருநூத்தம்பது வருசம் கழிச்சு இவரத் தேடிக் கண்டுபுடிச்சாங்களாம். படிச்சவங்க, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வந்து தோண்டுனாங்களாம். என் புள்ளையத் தேடுறதுக்கு அஞ்சு கெழவிங்க."

சவேரியார் பக்கத்துக் கோயிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். மரச் சிலை. கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தலையைத் தூக்கி முத்தமிட வேண்டும். பாவத்தை மறைத்து வைத்திருப்பவன் தூக்கினால் தலை அசையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று வருடமாக நான் உள்ளே போனதில்லை. பயணிகளை அனுப்பிவிட்டு வாசலில் நின்றுகொள்வேன். திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் வரிசையில் பத்துப் பேர்கூட இல்லை. தோன்யா எல்விரா தூக்கினார், முத்தமிட்டார், மகன் படத்தைச் சிலையின் மார்பில் வைத்து எடுத்தார். வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

"நீயும் தூக்கு."

"எனக்கு எதுக்கு..."

"எனக்காகத் தூக்கு தம்பி."

கோழைக்கும் மூளை வேலை செய்யும். அந்த நிமிடத்தில் சவேரியாரோடு ஒரு பேரம் பேசினேன். தலை அசையவில்லையா, இங்கேயே விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். தூக்க வந்துவிட்டால் நீரே மன்னித்துவிட்டீர் என்று அர்த்தம், வாயைத் திறக்க மாட்டேன். கையைக் கொடுத்தேன்.

காலிப் பானை போல வந்தது தலை.

வேனுக்குத் திரும்பியதும் தோன்யா எல்விரா உடைந்து அழுதார். "என்னைய மன்னிச்சிரு தம்பி. பேரு சொல்லாம ஒருத்தன் போன்ல சொன்னான். என் புள்ள காணாமப் போன அன்னைக்கு ஒரு வெள்ள வேன் நின்னுச்சாம், பின்கண்ணாடியில சவேரியாரு படம் ஒட்டியிருந்துச்சாம். அந்த மாதிரி நம்ம பக்கம் ஏழு வேனு. ஒவ்வொண்ணா வாடகைக்குப் புடிச்சு, ஓட்டுறவனக் கூட்டியாந்து தூக்கச் சொல்றேன். நீ ஆறாவது ஆளு. உன் சோத்தத் தின்னுக்கிட்டே உன்னயச் சந்தேகப்பட்டுட்டேன்."

உண்மையில் அவர் சோற்றைத் தின்றது நான்தான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்று கண்ணைத் துடைத்தார். "ஹெர்மான் வேனு. அவந்தான். அவனாத்தான் இருக்கணும். தல மட்டும் அசையாமப் போகட்டும், நாங்க அஞ்சு பேரும் அவன் வீட்டு வாசல்ல போயி உக்காந்துருவோம். அவன் புள்ளைங்க முகத்துலயே கேப்போம்."

ஹெர்மான் எனக்குப் பத்து வருடப் பழக்கம். முதுகில் ஆபரேஷன் ஆனவன். குனிந்து ஒரு தலையணையைக்கூட அவனால் தூக்க முடியாது.

வந்த வழியே திரும்பி, துபுதாமாவைத் தாண்டினோம். அவர் என் தோளைத் தட்டி, "நல்ல மனுசன் நீ, நல்லா இருப்ப," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். மகள் முகம் வந்தது, பெட்ரோல் பங்கில் கையாட்டுபவன் முகம் வந்தது. காற்றாடி வந்தபோது பிரேக்கை மிதித்தேன்.

"என்னாச்சு, டயரா?"

"எறங்குங்க, தோன்யா."

கம்பியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். அவர் கேள்வி கேட்காமல் பின்னாலேயே வந்தார். கருவேலத்துக்கு நாலடி இப்பால் கம்பியைக் குத்தி நிறுத்தினேன்.

"இங்கதான். வெள்ள வேனு என்னுதுதான்."

அவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உசுரு இருந்துச்சா?"

"இல்ல. ஏத்தும்போதே இல்ல. சத்தியமா."

"ம்."

"யாருன்னு மட்டும் கேக்காதீங்க. என் மக..."

"பேர யாருடா கேட்டா?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "மூணு வருசமா நாங்க எவன் பேரையும் கேக்கல. எலும்பத்தான் கேக்குறோம். தல எந்தப் பக்கம்?"

"மரத்துப் பக்கம்."

"எப்படித் தெரியும்?"

"கால நான்தான் புடிச்சிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மரத்தடிப் பக்கமாகத் தோண்ட ஆரம்பித்தார். உதவிக்குக் குனிந்தேன். "நீ தொடாத," என்றார். வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவசரத்தில் தோண்டிய குழி, முழங்கால் ஆழம்கூட இருக்காது. கித்தான் தெரிந்ததும் மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டுக் கையால் அள்ளினார். பிறகு இரண்டு கையையும் மண்ணுக்குள் விட்டு, சவேரியாருக்குக் கொடுத்தது போலவே கழுத்துக்குக் கீழே கொடுத்து, மெதுவாகத் தூக்கினார்.

"அய்யோ ராசா," என்றார், "இம்புட்டு லேசா ஆயிட்டியே."