மேல்தண்ணீர்

கட்டாரில் பன்னிரண்டு வருஷம், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை பார்த்தவன் நான். உப்பை அளப்பதுதான் என் வேலை. தண்ணீரைப் பற்றி இந்த ஸாஹிருக்கு எவனும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்ற மண்டைக்கனத்தோடுதான் காத்தான்குடிக்குத் திரும்பி வந்தேன்.

வந்த கையோடு என் மனைவி நிஸ்மியாவுக்கு ஓர் உதவி செய்தேன். அவள் வளவில் முப்பது ஊர்க்கோழி வளர்க்கிறாள். நான் இல்லாத காலமெல்லாம் கிணற்றில் வாளியால் அள்ளித்தான் அவற்றுக்குத் தண்ணீர் வைத்தாள். நான் மோட்டர் பூட்டினேன். கோடை வந்து தண்ணீர் இறங்கியதும் மோட்டர் காற்றை இழுத்தது. விடுவேனா? ஆள் பிடித்துக் கிணற்றை இன்னும் தோண்டி, இரண்டு கொங்கிறீட் வளையம் இறக்கி, குழாயை அடிமட்டம் வரைக்கும் விட்டேன். கோழிக்கூட்டு வாசலிலேயே ஒரு பைப்.

"இனி நீ அள்ளத் தேவல்ல. ராணி மாதிரி இரி" என்றேன். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் குஞ்சுகள் சாகத் தொடங்கின. முதல் அடையில் பொரித்தவை பதினொன்று, ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாவது அடையில் பதின்மூன்று பொரித்தன; அவையும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. குஞ்சுகள் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், தண்ணீராகவே கழியும், வயிறு ஊதும், மூலையில் போய்க் குந்தும். விடிந்தால் விறைத்துக் கிடக்கும். பெரிய கோழிகள் தாக்குப்பிடித்தன, ஆனால் அவை இட்ட முட்டை கை பட்டாலே நொறுங்கியது.

தடுப்பு மருந்து கொடுத்தோம், விற்றமின் கொடுத்தோம், கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். கால்நடை அலுவலகத்திலிருந்து தக்ஷாயினி மிஸ் வந்து பார்த்தார்.

"தண்ணிய ஒருக்கா மாத்திப் பாருங்க. ஒரு போத்தல்ல எடுத்துக் கொண்டு வந்தீங்கண்டா நான் சோதிச்சுத் தாறன்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மிஸ், பன்னிரண்டு வருஷம் தண்ணியோட கெடந்தவன் நான். தண்ணி எனக்குத் தெரியாதா?"

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போத்தலில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேனா? இல்லை.

நிஸ்மியா தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "என்ர கையில இருந்த பரக்கத் போயிட்டு. தொட்டதெல்லாம் சாவுது. இனி நான் அடை வெக்க மாட்டன்."

சாம்பல் நிறப் பேடு ஒன்று அப்போது அடைக்குப் படுத்திருந்தது. தீன் தின்னவும் எழும்பாமல் வெறும் கூட்டைக் காத்துக்கொண்டு கிடந்தது. அதற்குக் கீழே முட்டை வைக்க நிஸ்மியா மறுத்துவிட்டாள். நான் வைக்கிறேன் என்றதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். அவள் கையில் ஒரு குறையும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழி அவள் கையில் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது அடையில் ஏழு மிஞ்சியிருந்த நாள், ஊருக்கு வரும் பைப் தண்ணீர் நின்றுபோனது. நாங்கள் குடிப்பது, சமைப்பது, தொழுகைக்கு ஒளு எடுப்பது எல்லாம் அந்தத் தண்ணீரில்தான். கிணறு கோழிக்கும் தென்னைக்கும் மட்டும். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் கோழிக்கூட்டுப் பைப்பைத் திறந்து குந்தினேன். கையைக் கழுவினேன். வாய் கொப்பளிக்க ஒரு மிடறு எடுத்தேன்.

அப்படியே துப்பினேன். இரண்டாவது தரம் எடுத்தேன். மூன்றாவது தரம் வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். உப்பு. திரும்பி வந்து எட்டு மாதம், அந்தத் தண்ணீரை நான் ஒரு தடவைகூட நாக்கில் வைத்ததில்லை. நிஸ்மியாவும் வைத்ததில்லை; பைப் தண்ணீர் வந்த பிறகு கிணற்றுத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள்?

தொழுதுவிட்டு வந்து மோட்டரை நிறுத்தினேன். பெட்டியின் அடியில் கிடந்த, உப்பு அளக்கும் பேனை போன்ற சிறு கருவியைத் தேடி எடுத்தேன். ஏழு குஞ்சுக்கும் அன்று கடைப் போத்தல் தண்ணீர்தான்.

மறுநாள் விடிந்ததும், கிணறு அசையாமல் கிடந்தபோது, ஒரு பாணிமருந்துப் போத்தலில் கல்லைக் கட்டி, கழுத்துக்கு ஒரு நூல், மூடிக்கு ஒரு நூல் போட்டு இறக்கினேன். வேண்டிய ஆழத்தில் மூடியை இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் நிரம்பும். மேலே எடுத்ததில் லீற்றருக்கு நானூறு மில்லிகிராம் உப்பு என்று கருவி காட்டியது. நல்ல தண்ணீர். ஒரு முழம் கீழே தொள்ளாயிரம். இன்னொரு முழம் கீழே ஐயாயிரத்தைத் தாண்டியது. அடியில், என் மோட்டர் வாய் வைத்திருந்த இடத்தில், ஏழாயிரம்.

நம்ப முடியாமல் மூன்று தரம் அளந்தேன்.

கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டும் உப்பு. நடுவில் இந்த மணல். மணலுக்குக் கீழேயும் உப்புத் தண்ணீர்தான். அதன் மேலே மாரி மழை இறங்கி, எருமைத் தயிரின் மேல் ஆடை படிவது போல மிதந்துகொண்டிருக்கிறது. நடுவில் சுவர் இல்லை, வடிகட்டி இல்லை. கட்டாரில் இந்த இரண்டையும் பிரிக்க இரவும் பகலும் நெருப்பு எரித்தோம். மைல் கணக்கில் குழாய். ஆயிரம் பேர் வேலை. அந்தச் சத்தத்தில் என் காது பாதி போயிற்று. இங்கே ஒரு சத்தமும் இல்லை. வாய் தானாக "சுப்ஹானல்லாஹ்" என்றது.

நிஸ்மியாவைக் கூப்பிட்டு, இரண்டு கோப்பையில் கொடுத்தேன். அடித்தண்ணீரைத் துப்பினாள். மேல்தண்ணீரைக் குடித்தாள், இன்னொரு மிடறு கேட்டாள்.

"இது நம்மட பழைய தண்ணி. மத்தது எங்க உள்ள தண்ணி?"

"ரெண்டும் இந்தக் கெணறுதான்."

அவள் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நடுவுல என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல."

நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் நின்றேன். உள்ளே இருவர் முகமும் வானமும் தெரிந்தன. பயம் போல ஏதோ ஒன்று எனக்குள் வந்தது, ஆனால் பயம் இல்லை.

"நீ வாளியால மேலால அள்ளினாய். நான் தோண்டி அடியால உறிஞ்சிட்டன், நிஸ்மியா. அந்த உப்பத்தான் குஞ்சு குடிச்சிருக்கு."

"அப்ப என்ர கை?"

"ஒன்ர கைக்கு ஒரு குறையுமில்ல. மோட்டர்தான். நான்தான்."

ஏசுவாள் என்று காத்திருந்தேன்; ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். அவள் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து, செத்த குஞ்சுகளுக்காக அழுதாள்.

அன்றே மோட்டரைக் கழற்றினேன். தோண்டிய பள்ளத்தை, கடற்கரை மணலைத் தவிர்த்து, உப்பில்லாத வெள்ளை மணலால் மெல்ல மெல்ல நிரப்பினேன். வாளியைத் தாழவிடாமல், மேலால் மட்டும், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாக அள்ளினேன். அள்ளிய ஒவ்வொரு வாளியையும் முதலில் என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஏழில் ஒன்று மறுநாள் போய்விட்டது. மற்ற ஆறும் பிழைத்துக்கொண்டன. மூன்றாம் நாள் வயிறு வற்றி, தாயின் பின்னால் மண்ணைக் கிளறி ஓடின.

ஆறாம் நாள் காலை நிஸ்மியா முந்தானையில் ஏதோ ஏந்திக்கொண்டு கூட்டுக்கு வந்தாள். பதினொரு முட்டை; எங்கள் கோழிகளின் முட்டை ஓடு இன்னும் மெலிது என்று பக்கத்து வீட்டு நஸீபாவிடம் கேட்டு வாங்கியவை.

"சாம்பல் பேட்டைத் தூக்கிப் பிடிங்க" என்றாள்.

பிடித்தேன். அது என் கையைக் கொத்திக் கிழித்தது. நிஸ்மியா ஒவ்வொரு முட்டைக்கும் "பிஸ்மில்லாஹ்" சொல்லி, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தாள். பேடு இறங்கிச் சிறகை விரித்துப் படுத்ததும், தன் வலது கையை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.