கால் அறுத்த கட்டில்

லாரி வந்து நின்றபோது வாசலில் இருந்தவர்கள்: தம்பி, அவன் மனைவி, மகள், தம்பியின் அண்ணன், லாரிக்காரர், சாமான் ஏற்ற வந்த இருவர். வீட்டுக்காரம்மா கொஞ்சம் தாமதமாகத்தான் மாடியிலிருந்து இறங்கினாள். வராமலே இருந்திருக்கலாம்.

அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். கல்யாணம் ஆகாதவர். தம்பி குடும்பத்தோடுதான் வாசம். விடிந்து வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். அதுவரை வீட்டில் குக்கர் கத்தக் கூடாது, டிவி வாய் திறக்கக் கூடாது. மகள் அவரை 'ஆந்தை பெரியப்பா' என்பாள். அவரும் கண்ணை உருட்டிக் காட்டுவார். மனைவி இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தே குடித்தனம் நடத்தினாள். நாட்டின் மறுகோடியில் தம்பிக்கு வேலை கிடைத்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அங்கேயாவது பகலில் வாய்விட்டுப் பேச வேண்டும்.

தம்பி தலையாட்டினான். தலையாட்டுவதில் அவன் கெட்டிக்காரன். நானும் கிடங்கில் வேலையை விடுவதாகச் சொல்லிவிடட்டுமா என்று அண்ணன் கேட்டபோதும் அதே தலைதான் ஆடியது.

அண்ணனிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். தினமும் வார்த்தை தொண்டைவரை வந்து திரும்பிப் போயிற்று. கடைசியில் வீட்டுக்காரம்மாவிடம் போய், அண்ணன் இங்கேயே இருப்பார் என்று பேசி முடித்தான். அண்ணனிடம் சொன்னது இவ்வளவுதான்: லாரியில் இடம் போதாது போலிருக்கிறது, உங்கள் கட்டில் ரொம்பப் பெரிசு.

அண்ணன் கட்டிலை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமா, பெரிசுதான்" என்றார். ஜாடை புரிந்துவிட்டது என்று தம்பி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

புரிந்தது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. அண்ணன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கால்கள் நான்கையும் ரம்பத்தால் அறுத்து, கயிற்றால் தனியாகக் கட்டியிருந்தார்.

"பீரோ பக்கத்துல சொருகிடலாம் பாரு. எடமே அடைக்காது. அங்க போய் வேற கால் வச்சுக்கலாம்."

"கட்டிலுக்கே ஆபரேஷனா? இனி அது படுத்த படுக்கைதான்" என்றார் லாரிக்காரர். எல்லோரையும்விட அண்ணன்தான் அதிகம் சிரித்தார். கிடங்கின் டார்ச் லைட்டைக்கூட முந்தின நாளே திருப்பிக் கொடுத்துவிட்டதாக அந்தச் சிரிப்போடு சொன்னார்.

மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே இறுக்கியிருந்த கயிற்றை மறுபடி இறுக்கப் போனான்.

கட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதையும் ஏன் ஏத்துறீங்க? அண்ணன் இங்கதானே இருக்கப் போறாரு? வாடகையெல்லாம் இனி அவர்கிட்டயே வாங்கிக்கச் சொல்லி தம்பி போன வாரமே சொல்லிட்டாரே."

ஏற்றுகிறவர்களின் கை நின்றது. அண்ணன் திரும்பி தம்பியைப் பார்த்தார். இத்தனை பேருக்கு முன்னால் பளாரென்று ஓர் அறை விட்டால் தேவலை என்று இருந்தது தம்பிக்கு.

"ஆமாம்மா, இங்கதான்" என்றார் அண்ணன். "வயசாச்சுல்ல, ஏதோ ஞாபகத்துல ஏத்திட்டேன்."

அவரே ஏறிக் கட்டிலை இழுத்தார். பிடிக்க வந்தவனை வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினார். "மாமா..." என்று ஆரம்பித்த மனைவி, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் மகளின் பின்னலைச் சரி செய்தாள். அண்ணன் கட்டிலை முதுகில் சுமந்து, காலியான வீட்டுக்குள் போனார்.

லாரியிலேயே தங்கிவிட்ட கால்களை எடுத்துக்கொண்டு தம்பி பின்னால் ஓடினான்.

"அண்ணே, கால்..."

"அத வச்சு என்ன பண்ண? தரையில போட்டுப் படுத்துக்கிறேன்."

ஏதாவது சொல்லியாக வேண்டும். தம்பிக்கு வந்தது இதுதான்: "கிடங்குல திரும்பக் கேட்டுப் பாருங்களேன்."

சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு எவ்வளவு கேவலம் என்று அவனுக்கே உறைத்தது.

அண்ணன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தூங்கப் போறேன்டா. சத்தம் போடாம போங்க."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. கட்டில் கால்களை அணைத்தபடி தம்பி படியிலேயே நிற்க, உள்ளே சாவி திரும்பியது.