ரட்டர் வயலில் ஒரு குண்டூசி

வெதர்கோம்ப் கிராமத்தில் யாரும் சட்டம் படித்ததில்லை. ஆனாலும் ஒரு சட்டம் மட்டும் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம்: பிணம் போன வழி பொதுவழி. அதைத் தடுக்க நிலத்துக்காரருக்கும் ஒரு உபாயம் உண்டு. வேலிக்கதவில் நின்று பிணம் கொண்டுவருபவர்களிடம் ஒரு குண்டூசி கேட்டு வாங்கிவிட்டால், அனுமதியோடு போனதாக ஆகிவிடும். பாதை அவருடையதாகவே இருக்கும்.

தெர்சாவின் கணவன் ஜேபஸ், வயல் பாதைக்காக நிலத்துக்காரர் ரட்டரோடு இருபது வருஷம் மல்லுக்கட்டிவிட்டுச் செத்துப்போனான். வயல் வழியே தேவாலயம் கால்மணி நேரம். சுற்றிப் போனால் மூன்று மைல். தெர்சாவுக்கோ முட்டிவலி. பாதை கிடைக்காவிட்டால் அவன் கல்லறையை அவள் பார்ப்பதே அபூர்வம்.

சவப்பெட்டி வந்தபோது ரட்டர் கதவருகே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு குண்டூசி, தெர்சா. வேற எதுவும் கேக்கல."

அவள் சால்வையிலேயே ஒன்று பளபளத்தது.

"குடுத்துத் தொலைம்மா, மழை வருது," என்றான் பெட்டி சுமந்த கொல்லன் ஹாப்கட்.

"குடுத்தா இவரு பெட்டிய ஒடச்சுக்கிட்டு எந்திரிச்சிடுவாரு. சுத்திப் போங்க."

"செத்தும் நம்ம இடுப்ப ஒடிக்கிறான்யா," என்று முனகியபடி சுமந்தார்கள். அன்று தெர்சா எப்படியோ நடந்துவிட்டாள். அதற்குப்பின் எட்டு மாதம் அந்தப் பக்கமே போக முடியவில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஜனவரியில் ரட்டரின் தாயார் இறந்தார். சுற்றுவழி வெள்ளத்தில் கிடந்தது. ரட்டர் தன் வயல் வழியாகவே பெட்டியைக் கொண்டுவந்தார். கதவருகே தெர்சா கோலூன்றி நின்றாள்.

"குண்டூசி யாரு வாங்குனது, ரட்டரய்யா?"

"என் நிலத்துல நானே எனக்குக் குடுத்துக்கணுமா?"

"அப்போ யாரும் வாங்கல."

பெட்டி சட்டென்று நின்றது. ரட்டருக்கு அப்போதுதான் உறைத்தது. சுமந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"யாராவது ஒரு குண்டூசி குடுங்கப்பா."

ஆறு பேர் தொப்பியிலும் துக்கத்துக்கான கறுப்புத் துணி குண்டூசியால்தான் குத்தப்பட்டிருந்தது.

"எங்கிட்ட இல்லீங்களே," என்றான் ஹாப்கட். மற்ற ஐந்து பேரும் அதையே சொன்னார்கள்.

ரட்டர் அந்தத் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அம்மாவின் பெட்டியைப் பார்த்தார்.

"சரி, நடங்க."

தெர்சாவும் பின்னாலேயே போனாள். அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. ஜேபஸின் கல்லறை மேட்டருகே நின்று சால்வையிலிருந்த குண்டூசியைத் தொட்டுக் காட்டினாள்.

"பாத்துக்க. குடுக்கல."